கவர் மாட்டிய கை

பதினோரு மணிக்குத்தான் ரிப்போர்ட் தருவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மணி ஒன்பதரைகூட ஆகவில்லை, அதற்குள் ரெமிஜியுஸ் நாலு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டான். என்னத்தைப் பார்க்க? மனைவி ஜெசிந்தா எதுவும் அனுப்பவில்லை. கூடப் போயிருக்கிற அவள் தம்பி அமல்தாஸ் மட்டும் ‘திருநெல்வேலி பஸ் ஏறிட்டோம் அத்தான்’ என்று எட்டு மணிக்கு அனுப்பியது அப்படியே கிடந்தது. போனைப் பிரஷர் மெஷினுக்கு மேல் இருந்த பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர்த் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். எதிரே சுடலைமுத்து அண்ணாச்சியின் வெள்ளைக் கார் நின்றது. பேர்தான் வெள்ளை. ஒன்றரை வருஷம் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், நிலக்கரி லாரி போகிற வழியில், ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்திலேயே நின்ற கார் எப்படி இருக்கும்? கரித்தூள், உப்புக் காற்று, கிரைண்டரில் இருந்து பறந்த இரும்புப் பொடி எல்லாம் ஏறி, கூர்ந்து பார்த்தால் பெயிண்ட் முழுக்கக் கடுகு தாளித்த மாதிரி துருப் புள்ளிகள். நாளைக்கு அண்ணாச்சி மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவை ஸ்டேஷனில் இருந்து இந்தக் காரில்தான் கூட்டிவர வேண்டுமாம். இன்றைக்கு நாலு மணிக்குள் முடித்துத் தரணும் என்று அவர் சொன்னபோது, சரி அண்ணாச்சி என்று இவன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்றைக்குத்தான் ரிப்போர்ட் என்று அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னான். காலையில் ஜெசிந்தா சேலைக்குப் பின் குத்திக்கொண்டே, “நீங்க வேலையப் பாருங்க, அண்ணாச்சி கார் கெடக்குல்லா, தம்பி வாரான் எங்கூட” என்றபோது, இவனுக்கு வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிட்டுத்தான் கடைக்கு வந்தான். துப்பாக்கியின் விசையை அழுத்தினான், தண்ணீர் சீறிக்கொண்டு போய்ச் சக்கரத்துக்கு மேலே அடித்தது, கரி கரைந்து கறுப்புக் கறுப்பாக ஓடியது. இந்தச் சத்தத்தில் போன் அடித்தாலும் கேட்காது. கேட்காமல் இருந்தால் நல்லதுதான்.

போர்டில் ‘கார் ஸ்பா’ என்று எழுதியிருக்கிறது. ஊர் வாயில் அது வாட்டர் சர்வீஸ்தான். சர்வீஸ்காரன் ரெமி என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் சும்மா சோப்புப் போட்டுத் துடைக்கிறவன் இல்லை இவன், அந்தப் பெருமை மட்டும் உண்டு. கார் பளபளவென்று இருக்கும், வெயிலில் கண் கூசும், வெறும் கையால் தடவினால் வழுவழுவென்றுதான் இருக்கும். அப்போது இவன் டீக்கடையில் இருந்து வாங்கி வைத்திருக்கிற ரொட்டிப் பாக்கெட் கவர் ஒன்றைக் கையில் மாட்டி, பானட்டின் மேல் மெதுவாக இழுப்பான். சர்ர் என்று கேட்கும். மணல்தாள்மேல் இழுக்கிற மாதிரி. வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்கணும்! ‘கைய நம்பாதிய, கை பொய் சொல்லும், கவரக் கேளுங்க’ என்பான். இந்த ஒரு வசனத்தில்தான் கடையே ஓடுகிறது. ஷார்ஜாவில் கூட வேலை பார்த்த பாபு சேட்டன் சொல்லிக்கொடுத்த வித்தை அது. அங்கே ஒன்பது வருஷம். ரிம் கழுவுகிற ஆசிட்டில் வெறும் கை, தார் எடுக்கிற எண்ணெயில் வெறும் கை, வேலை முடிந்தால் பெட்ரோலை ஊற்றிக் கை கழுவுவது. கையுறை போட்டால் சூப்பர்வைசர் சிரிப்பான், என்ன டாக்டரா நீ என்பான். முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. ராத்திரி பகல் இல்லாமல் ஊர்ந்தது. ஊருக்கு வந்து கடை போட்ட பிறகு ஒருநாள் பார்த்தால் எறும்பைக் காணோம். நல்லதாப் போச்சு என்று இருந்தான். எறும்பு போன இடத்தில் அப்புறம் எதுவுமே வரவில்லை, சூடு இல்லை, குளிர் இல்லை, ஈரம்கூட இல்லை. வலது கையில் மூன்று விரல் சுத்தமாகப் போயிற்று, மற்றதெல்லாம் பாதி. கை இருக்கிறது, கைக்குள் ஆள் இல்லை. இதை எவனிடம் போய்ச் சொல்வது? தடவிப் பார்த்துத் தொழில் பண்ணுகிறவனுக்குத் தொட்டால் தெரியாது என்று தெரிந்தால் எவன் காரைக் கொண்டுவந்து விடுவான்? அதனால் இவன் கவரை மாட்டிக்கொண்டு காதால் பார்க்கப் பழகிக்கொண்டான். சத்தம் கேட்டால் அழுக்கு, சத்தம் நின்றால் சுத்தம். நாலு வருஷமாக ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. ஜெசிந்தாவிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, வேலைக்காரன் கை என்றால் காய்த்துத்தான் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நுரைக் குப்பியைத் துப்பாக்கியில் மாட்டிக் கார் முழுக்க நுரையை அடித்தான். வெள்ளைக் கார் வெள்ளை நுரைக்குள் இருக்கிற இடம் தெரியாமல் போயிற்று.

நுரை இறங்க ஐந்து நிமிஷம் விட வேண்டும். இந்த ஐந்து நிமிஷம்தான் சனியன். கைக்கு வேலை இல்லாவிட்டால் மார்ச் மாசம் வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. தவக்காலத்து ஞாயிறு, பூசை முடிந்து வந்து இவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான், கறி இல்லாத ஞாயிறு என்பதால் சமையலுக்கும் அவசரம் இல்லை, ஜெசிந்தா கதவைச் சாத்திவிட்டு வந்து இவன் வலது கையைப் பிடித்து எடுத்தாள். “ஏங்க, இங்கன ஒரு இது மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்களேன்.” இடது பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் முன்னால். இவன் கையை வைத்தான், அழுத்தினான், வட்டமாகத் தடவினான், டாக்டர் பார்க்கிற மாதிரி முகத்தை வேறு வைத்துக்கொண்டான், மடையன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆமாம், அந்த நேரத்தில் இவன் சத்தத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தான், இப்போது நினைத்தால் அதுதான் தாங்க முடியவில்லை. உடம்புக்கு ஏது சத்தம்? இரும்புப் பொடியா ஒட்டியிருக்கிறது சர்ர் என்று கேட்க? “ஒண்ணும் இல்ல” என்றான். ஒண்ணும் தெரியல என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான் வித்தியாசம். தெரியல என்றிருந்தால், ஏன் தெரியல என்று கேட்டிருப்பாள், அப்புறம் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும், சொன்னால்தான் என்ன, தலையா போயிருக்கும்? மறுநாளே டாக்டரிடம் போயிருப்பார்கள். இல்ல என்று சொல்லிவிட்டான். அவளும் “அப்படியா? சரி” என்று சிரித்தாள். முகம் அப்படியே தெளிந்துபோயிற்று. ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். காஸை மூடினேனா என்று வாசல்வரை போய்விட்டு மூன்று தடவை திரும்பி வருகிற பொம்பளை, இதை மட்டும் அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது மார்ச். இது செப்டம்பர். நடுவில் ஆறு மாசத்தை இவனுடைய ஒரு வார்த்தை தின்றிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் மாதா கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில், அண்டா தூக்கும்போது அவளுக்குச் சுரீரென்று வலித்ததால் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே அந்தச் சின்ன டாக்டரம்மா கையை வைத்த உடனே, வைத்த உடனே, முகம் மாறியது. கவரும் இல்லை ஒன்றும் இல்லை அந்தப் பிள்ளைக்கு. ஊசி குத்திச் சதை எடுத்து அனுப்பினார்கள், அந்த ரிப்போர்ட்தான் இன்றைக்கு. நுரை காரைவிட்டுச் சொட்டிக் காலைச் சுற்றி நின்றது, ஐந்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது.

கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோதே சுடலைமுத்து அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர் பத்தேகாலுக்கே வந்து நிற்கிறார், நிச்சய வீட்டு அவசரம். கதர்ச் சட்டை, நெற்றியில் திருநீறு, வாயில் வெற்றிலை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “ஆஹா, வெளுத்துட்டியே! முடிஞ்சிட்டுல்லா?” என்றார். “எங்க அண்ணாச்சி, இனிமேத்தான் ஆரம்பமே” என்றான் இவன். “பின்ன இதென்ன வே, பளபளன்னு கெடக்கு?” என்று அவர் உள்ளங்கையால் கதவைத் தடவினார். “நல்லா வழுவழுன்னுதானே இருக்கு.” இங்கேதான் இவன் தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். ரொட்டிக் கவரை எடுத்து அவரிடம் நீட்டினான். கைய நம்பாதிய என்று ஆரம்பிக்கணும், நாக்கு எழும்பவில்லை. நாலு வருஷமாகத் தினம் சொல்லுகிற வார்த்தை, மீன்முள் மாதிரி குறுக்கே நின்றது. “என்ன வே, இத என்ன செய்ய?” என்றார் அண்ணாச்சி. “மாட்டிக்கிட்டுத் தடவுங்க” என்று மட்டும் சொன்னான். அவர் மாட்டிக்கொண்டு தடவினார். சர்ர். “அட பாவி! இவ்வளவா ஒட்டியிருக்கு? கைக்கு ஒண்ணுமே தெரியலியே!” சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி தடவிப் பார்த்தார், கதவு, கூரை, பானட். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் இவன் முதுகுக்குள் போய் வந்தது. “மூஞ்சி ஏன் தொங்கிப்போய்க் கெடக்கு? வீட்ல சண்டையா?” என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல அண்ணாச்சி” என்றான். சொன்ன உடனேயே காதில் விழுந்தது. ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்கிறோம் என்று இப்போதுதான் கவனிக்கிறான். இந்தக் கீறல் போகுமா என்றால் ஒண்ணும் இல்ல, போயிரும். சாப்பிட்டியளா, ஏன் ஒரு மாதிரி இருக்கிய என்றால் ஒண்ணும் இல்ல. வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது, எச்சில் மாதிரி. அண்ணாச்சி கவரைக் கழற்றித் தந்துவிட்டு, “நாளைக்கு நீயும் வந்திரணும், வீட்டுக்காரியையும் கூட்டியாந்திரு, என்ன?” என்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். வாறோம் அண்ணாச்சி என்று இவன் தலையை ஆட்டினான்.

அடுத்தது இரும்புப் பொடி எடுக்கிற மருந்து. பாட்டிலைத் திறந்ததுமே அழுகின முட்டை நாற்றம், பூனைகூட இந்தப் பக்கம் வராது. இப்போது கையுறை போடுகிறான், போட்டு என்ன பிரயோஜனம், திருட்டுப் போன வீட்டுக்குப் பூட்டுப் போடுகிற கதைதான். தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும் அது, பெயிண்டில் அடித்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். முதல் நிமிஷம் ஒன்றும் நடக்காது. அப்புறம் எங்கோ ஒரு புள்ளி கத்தரிப்பூ நிறத்தில் கண்ணைத் திறக்கும். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கார் முழுக்கத் திறந்துகொள்ளும், உள்ளே பதிந்து கிடந்த இரும்பெல்லாம் கரைந்து ஊதா ஊதாவாக வழியும். வெள்ளைக் காரில் பார்க்கப் பயமாக இருக்கும், கார் ரத்தம் விடுது என்று வந்தவர்கள் போனில் வீடியோ எடுப்பார்கள். இவ்வளவு நாளும் இவன் இதை ஒரு வேடிக்கையாகத்தான் காட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்குக் கதவில் இருந்து வழிகிறதைப் பார்த்தபோது, எது எது எத்தனை நாளாக உள்ளே இருந்தது, எந்தப் பொடி எந்த மாசம் வந்து விழுந்தது என்று யோசனை ஓடியது. எல்லாம் சத்தமில்லாமல் வந்து விழுந்திருக்கும். காற்றோடு வந்து விழுந்து, மழையில் நனைந்து, துருப்பிடித்து, மெல்ல மெல்ல உள்ளே இறங்கி. சோப்புக்கு அகப்படாது. அண்ணாச்சி தினம் துணியால் துடைத்திருப்பார், ஒண்ணும் இல்ல என்றுதான் நினைத்திருப்பார், பாவம், அவர் மேல் என்ன தப்பு? பட்டாணி அளவு இருந்திருக்குமா மார்ச்சில்? கடுகு அளவு? இடது கையால் பார்த்திருக்கலாம், அதில் சுண்டுவிரலுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. புறங்கையை வைத்திருக்கலாம். கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கலாமே! கன்னத்துக்கு எல்லாம் தெரியும், காலையில் தலையணை ஈரமாக இருந்தால்கூடத் தெரிகிறது. பெண்டாட்டியின் மாரில் கன்னத்தை வைக்கிறதற்கு எவனிடம் அனுமதி கேட்கணும்? தோன்றவில்லை. கவரை மாட்டிக்கொண்டு பார்த்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது, சீ என்று அதைத் தள்ளினான், அது திரும்பவும் வந்து நின்றது. ஒருவேளை இன்றைக்கு ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது, வெறும் கொழுப்புக் கட்டி என்று வரும், அமலின் மாமியாருக்கு அப்படித்தான் வந்தது. அப்படி வந்தால் விரலைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம், இந்த ஆறு மாசம் இல்லாததாகிவிடும், கோயில் கெபிக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் மாதாவே. கேட்டுவிட்டு, யாருக்காகக் கேட்டோம் என்று யோசித்தான். அவள் பிழைக்கக் கேட்டோமா, நாம் தப்பிக்கக் கேட்டோமா? மருந்து காயக் கூடாது, காய்ந்தால் கறை பிடிக்கும், ஓடிப்போய்த் துப்பாக்கியை எடுத்து அடித்துக் கழுவினான்.

க்ளே பிடிப்பதுதான் கடைசி, அதுதான் பெரிய வேலையும். பிள்ளைகள் விளையாடுகிற களிமண் மாதிரிதான் இருக்கும், உள்ளங்கையில் பிசைந்து தோசை மாதிரித் தட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரைப் பெயிண்டில் தெளித்து, அழுத்தாமல், வட்டம் போடாமல், நேர்கோட்டில் போய்வர வேண்டும். மிச்சம் மீதி ஒட்டிக் கிடப்பதை எல்லாம் அது பிடுங்கிக்கொள்ளும். அழுக்கு ஏறினால் மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே எடுக்கணும். ஒரே ஒரு கட்டளை, கீழே விழுந்துவிட்டால் குப்பைத்தொட்டி. அரை நொடி தரையில் கிடந்தாலும் மணல் ஏறிவிடும், அதை வைத்துத் தேய்த்தால் பெயிண்ட் முழுக்கக் கீறல். பானட்டில் ஆரம்பித்தான். போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. இந்த வேலை இவனுக்குப் பிடிக்கும், ஒன்றும் நினைக்காமல் இருக்கலாம். இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பர்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பாள். அமல் டீ வாங்கி வரட்டுமா அக்கா என்று கேட்பான், வேண்டாம் என்பாள். வீட்டில் டீயை ஆற்றி ஆற்றித்தான் கொடுப்பாள் அவள், முன்பெல்லாம் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைக்கிறவள், போன வருஷத்தில் இருந்து டம்ளரும் வட்டாவுமாக நாலு தடவை ஆற்றி, கையில் கொடுத்துவிட்டு, குடிங்க என்று நிற்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் புருஷன்தான் பிள்ளை என்று இவன் நினைத்துக்கொள்வான். பெரிய டாக்டர் கூப்பிடுவார். எப்போது முதன்முதலாகப் பார்த்தீர்கள் என்று கேட்பார். அதற்கு அவள் என்ன சொல்லுவாள்? மார்ச்சிலே என் வீட்டுக்காரரிடம் காட்டினேன் சார், ஒண்ணும் இல்லன்னு சொன்னாவ என்பாளா? அமல் பக்கத்தில் நிற்பானே. அமல் இவனைப் பார்க்கிற பார்வையை இவன் இங்கிருந்தே பார்த்தான். போகிறது, வருகிறது. ஏதோ சரியில்லை என்று தோன்றிக் குனிந்து பார்த்தால் விரலுக்கடியில் க்ளே இல்லை. வெறும் விரல். வெறும் விரலை வைத்துக்கொண்டு பெயிண்டில் போய்வந்துகொண்டிருக்கிறான், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, க்ளே கீழே சிமெண்ட் தரையில் நுரைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. விழுந்தது தெரியவில்லை. விழுந்த பிறகும் தெரியவில்லை. அதைக் குனிந்து எடுத்தான், கறுப்பு மணல் ஒட்டியிருந்தது, தொட்டியில் போட்டுவிட்டுப் புதுக் கட்டியில் பாதியைக் கிள்ளி எடுத்தான். இந்தத் தடவை கண்ணை விரலைவிட்டு எடுக்கவே இல்லை.

போனைத் திருப்பிப் பார்த்தபோது பன்னிரண்டே கால். அமல்தாஸ் கூப்பிட்டிருக்கிறான், பதினொன்று ஐம்பதுக்கு, ஒரே ஒரு தடவை. நல்ல செய்தி என்றால் இரண்டு தடவை கூப்பிட்டிருப்பான். இல்லை, நல்ல செய்தி என்றால் எழுதிப் போட்டிருப்பான். கெட்ட செய்தி என்றால் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, எடுக்காதவரைக்கும் சரி என்று விட்டிருப்பான். அமல் அப்படித்தான், இவனும் அப்படித்தான். திரும்பக் கூப்பிட வேண்டும், கட்டைவிரலைப் பச்சைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனான், ஈரக் கை என்பதால் போனுக்கும் இவன் விரல் தெரியவில்லை. துடைத்துவிட்டு அழுத்தலாம். துடைத்தான். அழுத்தவில்லை. கூரைக்கு இன்னும் க்ளே பிடிக்கவில்லை, அதை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் மாதிரியே உள்ளேயும் ஒன்றும் இல்லாமல் கிடந்தது, கல்லைத் தூக்கிப் போட்டால் சத்தம் வராத கிணறு. அவள் சாகப் போகிறாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். கேள்வி மட்டும் கேட்டது. கூரையின் இந்தப் பக்கம் முடிந்து அந்தப் பக்கம் போனான், பின்கதவு, டிக்கி, நம்பர் பிளேட்டைச் சுற்றி. கழுவினான். கவரை மாட்டிக்கொண்டு முன்னால் இருந்து பின்னால் வரை ஒரே இழுப்பாக இழுத்தான், காதைக் கிட்டே கொண்டுபோய். சத்தம் இல்லை. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. ஒரு வேலை சுத்தமாக முடிந்திருக்கிறது, அதற்கு ஒரு சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை.

ஆட்டோ வந்து நின்ற சத்தத்துக்கு இவன் திரும்பவில்லை. செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டான். அமல்தாஸ் வெளியே ஆட்டோ பக்கத்திலேயே நின்றுவிட்டான், ஜெசிந்தா மட்டும் ஈரத் தரையில் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் ஆஸ்பத்திரி பிளாஸ்டிக் கவர், உள்ளே காகிதங்கள். “சாப்பிட்டியளா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினான். “வந்திருக்கு” என்றாள். “அதுதானாம். ரெண்டாவது ஸ்டேஜாம். எடுக்கணுமாம், முழுசா. அப்புறம் ஊசி போடுவாவளாம், முடி கொட்டுமாம். உயிருக்கு அவ்வளவு பயம் இல்லேன்னுதான் டாக்டர் சொல்லுதாவ. முன்னாலயே வந்திருந்தா முழுசா எடுக்க வேண்டியிருந்திருக்காதாம்.” மார்க்கெட்டில் மீன் கிடைக்கவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். “எப்பப் பாத்தீங்கன்னு கேட்டாவ. போன மாசம்னு சொல்லிட்டேன். தம்பி கேட்டாலும் அப்படியே சொல்லுங்க.” இவன் துடைக்கிற துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ரொட்டிக் கவரை இன்னும் கழற்றவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அவள் வெளியே ஒரு தடவை பார்த்தாள். அமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காருக்கு இந்தப் பக்கமாக வந்து இவனுக்கு நெருக்கமாக நின்று, கவரை இவன் கையில் இருந்து உருவி எடுத்தாள், வலது கையைப் பிடித்து முந்தானைக்கு உள்ளே, அதே இடத்தில் வைத்தாள். “இப்பப் பெருசா ஆயிட்டு. தெரியுதா?” ரவிக்கைத் துணிக்கு மேலே மூன்று விரலும் அழுந்தியிருப்பதை இவன் கண்ணால் பார்த்தான். அவள் மூச்சு விடும்போது கை எழும்பித் தாழ்ந்தது. எழும்புகிறது தெரிந்தது, மணிக்கட்டில் தெரிந்தது, விரலில் இல்லை. ஆமா தெரியுது என்று சொல்லிவிடலாம். வாய் ரெடியாகத்தான் இருந்தது.

“தெரியல ஜெசி” என்றான். “ஒண்ணும் தெரியல. அன்னைக்கும் தெரியல. என் விரல்ல உணர்ச்சி இல்ல, நாலு வருசமா இல்ல. நான் இல்லன்னு சொல்லிட்டேன்.”

“அது எனக்குத் தெரியுமே” என்றாள் அவள். “ஒரு வருசமா டீய ஆத்தித்தானே தாரேன். கொதிக்கிற டம்ளர அப்படியே பிடிச்சிக்கிட்டு நிக்கிறியளேன்னு.” அவள் இவன் கையை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. “எனக்கு நல்லாத் தெரிஞ்சுது அன்னைக்கு, பட்டாணி மாதிரி. வேற யாருகிட்டக் காட்டுனாலும் இருக்குன்னு சொல்லிருவாங்கல்லா? அதான் உங்ககிட்டக் கேட்டேன்.”

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஜெசிந்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூரையில் தண்ணீர் வெயிலுக்குத் திட்டுத் திட்டாகக் காய ஆரம்பித்திருந்ததைப் பார்த்தாள். “கறை புடிச்சிரும்லா” என்று கொடியில் கிடந்த இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு, வலது கையால் அந்தப் பக்கம் துடைக்கத் தொடங்கினாள்.